எனக்காக வாங்கிய கலர் பென்சில்

ஜெர்மனியில் நான் வசிக்கும் ஊரின் புத்தகக் கடையில், சமையல் புத்தகங்களுக்கும் நாட்காட்டிகளுக்கும் நடுவே ஓர் அலமாரி உண்டு. பெரியவர்கள் வண்ணம் தீட்டுவதற்கான புத்தகங்கள் அதில் இருக்கும். கோட்டு அணிந்த நரைத்த தலைக்காரர் ஒருவர், மீன் படம் போட்டதை எடுப்பதா பூப் படம் போட்டதை எடுப்பதா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை ஏற இறங்கப் பார்க்கவில்லை. நானும் பக்கத்தில் போய் நின்றேன். நான்காம் மாதத்தில் என் கரு கலைந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்துப்போகும் ஹெபாமெ, அதாவது மருத்துவச்சி, கையைச் சும்மா வைத்திருக்காதே, வண்ணம் தீட்டு என்று சொல்லியிருந்தார். தமிழ்நாட்டில் இருக்கும் இரு வீட்டாருக்கும் நானும் கணவரும் எதையும் சொல்லவில்லை. கரு தங்கியதும் அங்கே தெரியாது, போனதும் தெரியாது.

மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். எதையும் சோதிக்காமல் வாங்க வராது. தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டிருக்க வேண்டும். வழவழப்பான தாளில் பென்சில் ஏறாது, விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். படுக்கவைத்தால் புத்தகம் தானாக மூடிக்கொள்ளக் கூடாது. மெழுகு கலந்த பென்சில் மிருதுவானது, ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைப் பூசலாம், ஆனால் முனை ஒடியும். எண்ணெய் கலந்தது கொஞ்சம் கடினம். கூர் நிற்கும், சின்னக் கட்டங்களுக்கு அதுதான் சரி. ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறும், ஜெல் பேனா காய்வதற்குள் கை பட்டு இழுபடும். இலைகளும் கொடிகளும் நெருக்கமாகப் பின்னிய புத்தகம் ஒன்றையும், எண்ணெய்ப் பென்சில்களையும், நல்ல ஷார்ப்னர் ஒன்றையும் எடுத்தேன். குழந்தைக்கு என்ன வயது என்று கல்லாவில் கேட்பார்கள் என நினைத்து, குழந்தை இல்லை என்பதை ஜெர்மன் மொழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வரிசையில் நின்றேன். கல்லாவில் இருந்த பெண் அதைக் கேட்கவே இல்லை. "ஷ்ட்ரெஸ்?" என்றாள், மன உளைச்சலா என்று. "யா" என்றேன். "ஆர்பைட், ஆர்பைட்!" என்று வேலையைச் சபித்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தது நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில். உயிரியல் படங்களுக்குக் கறுப்புப் பென்சில் மட்டும்தான். ஒரு முறை தவளையின் இதயத்துக்குச் சிவப்பு தீட்டினேன். வார்டன் கலர் பென்சில்களை டப்பாவோடு பிடுங்கிக்கொண்டு, "கலரடிக்கறதுக்கா உங்கப்பன் பீஸு கட்டறாரு? இதுக்கு எத்தன மார்க்கு தருவாங்கன்னு சொல்லு பாக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மார்க்கு வந்தது, பொறியியல் வந்தது, விசா வந்தது. டப்பா திரும்பி வரவில்லை. அன்று எதற்காகத் திட்டு வாங்கினேனோ அதையே இங்கே மருந்தாகச் சொல்கிறார்கள்.

நாமகிரிப்பேட்டையில் இருக்கும் என் மாமியார் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவார். அந்த வாரம் மேசையை ஒழுங்குபடுத்த மறந்துவிட்டேன்.

"ஏஞ்சாமி, பொறத்தால அதென்ன, கலர் பென்சிலு?"

"ஆமாங்க அத்தை."

"ஆருக்கு?"

"எனக்குத்தானுங்க."

"உனக்கா! கலரடிச்சு வெளையாடற வயசா உனக்கு? பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கி அடுக்கிட்டயாக்கும்?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"இல்லைன்னுதான் சொல்லோணும். நானும் எம்மாமியாகிட்ட அப்படித்தான் சொன்னேன்."

எங்கள் பக்கம் மூன்று மாதம் முடியும்வரை யாரும் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் இல்லை என்பார்கள், கேட்டவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஆகவே நான் மறுக்க மறுக்க அத்தைக்கு அது உறுதியானது. "ஏனுங்க, இங்க வாங்க, உங்க மருமவ என்ன பண்ணி வெச்சிருக்கான்னு பாருங்க" என்று மாமாவைக் கூப்பிட்டார். என் கணவர் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

மறுநாள், அத்தை சொல்லிக் கேள்விப்பட்டு, சேலத்திலிருந்து அம்மா அழைத்தார். "பெத்தவகிட்ட மறைச்சுட்டு மாமியாகிட்டச் சொல்லியிருக்க. நல்லா இருடி" என்று வைத்துவிட்டார். அதற்கு மேல் தாங்கவில்லை. அத்தையை அழைத்தேன்.

"நாலாம் மாசம் போயிருச்சுங்க அத்தை. அதுக்கப்புறம் வாங்குன பென்சிலுங்க அது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அத்தை அடுப்பை அணைக்கப் போகவில்லை. மறுபடியும் அடித்தது.

"செரி. ஆருகிட்டயும் சொல்லாத, நான் பாத்துக்கறேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் குளுருல வேலைக்குப் போவாதன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். நான் கர்ப்பம் என்றே தெரியாதவர் என்றைக்குச் சொன்னார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எப்படித் தூங்குகிறாய் என்று ஹெபாமெ ஒருமுறை கேட்டார். ஊரில் அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம், ஊருக்குப் போய்த் திரும்பிய கணவரின் நண்பர் ஒரு பை கொண்டுவந்தார். மஞ்சள்தூள், தட்டுவடை, அடியில் குழந்தைகளுக்கான கலர் புத்தகம் ஒன்று, ஒரு பெட்டி மெழுகுக் கிரேயான். அத்தையைக் கேட்டேன்.

"உம்பட பென்சிலப் பாத்த அன்னைக்கே ஆத்தூருக்குப் போயி வாங்கினது சாமி. திருப்பிக் குடுக்க மனசு வல்ல. இருக்கட்டும், அடுத்ததுக்கு ஆவும்."

இப்போது இரண்டு புத்தகங்களும் மேசையில் இருக்கின்றன. இங்கே வாங்கியதன் கட்டங்களுக்கு அந்தக் கிரேயான் தடிமன். ஓர் இலைக்கு வைத்தால் நான்கு இலை அழிகிறது. நேற்று, அங்கிருந்து வந்த புத்தகத்தின் முதல் பக்கத்து மாம்பழத்தில் இந்த ஊர்ப் பென்சிலை வைத்து அழுத்தினேன். மெல்லிய தாள். பாதி மஞ்சளில் கிழிந்துவிட்டது. கிழிசல் வழியாக, அடுத்த பக்கத்து யானையின் வண்ணம் தீட்டாத கண் தெரிகிறது.