மூன்று ஊர்ச் சேப்பங்கிழங்கு

சேப்பங்கிழங்கு வேகும்போது ஒரு வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? நல்ல வாசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நனைந்த சாக்கை யாரோ அடுப்பில் ஏற்றிவிட்டது போல இருக்கும். போன வாரம் என் மனைவி அதைக் குக்கரில் வேகவைத்து இறக்கித் தோல் உரிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், "என்னங்க, கை அரிக்குது. அந்தப் புளிய எடுத்துட்டு வாங்க" என்று குரல் வந்தது. புளி டப்பாவைக் கையில் எடுத்தவன் அலமாரிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். "புளி கேட்டா எங்க போயிட்டீங்க?" என்றாள். "குவைத்துக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் எங்கெங்கோ போய்விட்டு வருவது அவளுக்குப் பழகிவிட்டது.

நான் குவைத்துக்குப் போனது சமையல்காரனாக. விசாவில் அப்படித்தான் போட்டிருந்தது. ஊரில் நான் வெந்நீர்கூட வைத்ததில்லை. பாபநாசத்தில் ஓர் உரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மேட்டூர் நேரத்துக்குத் திறக்காத வருஷங்கள் அவை. குறுவை முழுதாகப் போய், சம்பா பாதியாகப் போய், மூட்டை மூட்டையாக யூரியா கடையிலேயே கிடந்து இறுகிவிட்டது. வயல் காய்ந்தால் அடுத்துக் காய்வது உரக்கடைதான். ஆள் அனுப்பிக்கொண்டிருந்த கூத்தாநல்லூர் பாய் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். "சமைக்கத் தெரியுமா தம்பி?" என்றார். "தெரியும் பாய்." "நெசமாவா?" "கத்துக்கிறேன் பாய்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்.

போய் இறங்கிய இடம் பாலைவனத்துக்குள் ஓர் அமெரிக்கப் பட்டாளத்து முகாம். சிப்பாய்களுக்குச் சாப்பாடு போடும் ஒப்பந்தக் கம்பெனியில் வேலை. சிப்பாய்களுக்குப் பெரிய சாப்பாட்டுக்கூடம், வேலைக்காரர்களான எங்களுக்கு வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு தகர மெஸ். நான் தகரத்தின் கீழே வெங்காயம் உரித்தேன். கூட உரித்தவன் பிரேம். நேபாளத்து மலைக்காரன், தமாங் என்ற இனம். என் வயதுதான். அவனுக்கு இந்தி வரும், எனக்கு வரும் மாதிரி இருக்கும். அவன் பேசியதெல்லாம் இப்போது எனக்குத் தமிழாகவேதான் ஞாபகத்தில் இருக்கிறது. என்ன மாயமோ தெரியவில்லை.

இன்னொருவர் கிமோ. சாமான் குடோனுக்கு சூப்பர்வைசர், அமெரிக்கக் குடிமகன். ஆனால் நிறத்தில் நம் ஆட்களோடு நின்றால் தனியாகத் தெரியாது, உடம்பின் அளவில் மட்டும்தான் தெரியும். முதலில் பிலிப்பைன்ஸ்காரர் என்றே நினைத்திருந்தேன். ஹவாய்த் தீவின் பூர்வகுடி என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்குத் தனி அறை, தனி ஏ.சி. நாங்கள் ஓர் அறைக்கு எட்டுப் பேர். அவர் பாஸ்போர்ட் அவர் சட்டைப் பையில் இருந்தது. எங்களுடையது கம்பெனி பீரோவில். அவருக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் வருவார், எங்களுக்கு வந்தால் மாத்திரை வரும். சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிடலாமா என்று நான் ஒருநாள் வாயைத் திறந்தபோது பிரேம் தடுத்துவிட்டான். "கேக்காதே. கேட்டா இன்னைக்குச் சோறு இறங்காது."

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மெஸ்ஸுக்குக் காய்கறியோடு ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு வந்தது. வறுவல் செய்யலாம் என்று வேகவைத்தேன். சாமான் இருப்புப் பார்க்க வந்த கிமோ வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார். சரி, நாற்றம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மனிதர் நேராக வந்து மூடியைத் திறந்து, கொதிக்கக் கொதிக்க ஒரு கிழங்கை எடுத்து, உரித்து, உப்புகூட இல்லாமல் தின்றார். பிறகு மூவரும் ஆளுக்கொரு பெயர் சொன்னோம். அவர் டாரோ என்றார், பிரேம் பிண்டாலு என்றான், நான் சேப்பங்கிழங்கு என்றேன். அவர் ஊரில் இதைத் தண்ணீர் கட்டிய வயலில் நம் நெல்லைப் போலவே நடுவார்களாம். வேகவைத்து இடித்துக் களியாக்கிப் புளிக்கவைத்துச் சாப்பிடுவார்களாம். "எங்க கதையில இதுதான் மூத்த பிள்ளை. மனுஷன் அப்புறம் பிறந்தவன். அண்ணன் சோறு போடணும், தம்பி அண்ணனப் பாத்துக்கணும்" என்றார். "அப்ப நாங்க உங்க அண்ணன எண்ணெயில போட்டு வறுக்கப்போறோமே" என்று பிரேம் சொன்னதும் அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அன்றைக்கு வறுவலில் பாதி அவருக்குத்தான் போயிற்று.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்து சாயங்கால வேலை தொடங்கும்வரை கன்டெய்னர் நிழலில் மூவரும் உட்கார்வது வழக்கமாகிவிட்டது. அரைகுறை இங்கிலீஷில் பேச்சு எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே வழக்குக்குத்தான் வரும். எங்களில் யார் பாடு மோசம்? சொன்னால் நம்பமாட்டீர்கள், இதைப் பந்தயம் போல நடத்தினோம். அவனவன் தன் ஏழ்மையை எடுத்து வைப்பான், மற்ற இருவரும் அதைக் குறைத்துப் பேசுவோம்.

நான் தஞ்சாவூர்க்காரன், எதையும் நிலத்தில்தான் அளப்பேன். "உங்களுக்கு எத்தனை மா?" என்று கேட்டேன். மா என்றால் என்ன என்று விளக்கிச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. கடைசியில் ஒரு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு என்று புரியவைத்தேன். பிரேமுக்கு மலைச் சரிவில் படிப்படியாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. கேழ்வரகும் சோளமும் விளையும், நாலைந்து மாதத்துக்குக் காணும். மிச்ச மாதங்களுக்கு வெளியூர்தான். அவன் ஊரில் ஆண்பிள்ளை என்று பார்த்தால் கிழவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும்தான். யாராவது செத்தால் தூக்க ஆள் தேடி அடுத்த ஊருக்கு ஓடவேண்டும் என்றான். கிமோ கையை விரித்தார். அவருக்கு நிலமே இல்லை. தாத்தா காலத்தில் இருந்ததாம். மேலே கரும்புக் கம்பெனிக்காரர்கள் ஓடையைத் திருப்பிக்கொண்டார்கள். கீழே சேம்பு வயல் காய்ந்தது. பிறகு கரும்பும் போயிற்று, கோல்ஃப் மைதானமும் ஓட்டலும் வந்தன, தண்ணீர் மட்டும் திரும்பி வரவில்லை. அவருடைய தம்பி ஒருவர் சொந்த ஊர்க் கடற்கரையில் கூடாரம் போட்டுக்கொண்டு இருந்தார். வீட்டு வாடகை அவ்வளவு ஏறிவிட்டதாம். கிமோவின் பெண்டாட்டி பிள்ளைகள் லாஸ் வேகாஸில். அதுவும் பாலைவனம்தானாம்.

"அமெரிக்கக்காரன், வீடு இல்லையா?" என்று பிரேம் நம்பாமல் கேட்டான். அவன் அனுப்பிய காசில் அவன் அப்பா கல் வீடு கட்டி முடித்திருந்தார். ஊருக்குப் போனால் மாலை போடுவார்கள். கிமோ ஊருக்குப் போனால் ஓட்டலில் ரூம் எடுக்கவேண்டும். பாஷை விஷயத்திலும் அப்படித்தான். பிரேமுக்கு வீட்டில் ஒரு பாஷை, சந்தையில் ஒன்று, எங்களோடு ஒன்று. கிமோவின் தாத்தா பள்ளிக்கூடத்தில் தன் பாஷையைப் பேசியதற்காக அடி வாங்கியவர், அதனால் வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிமோவுக்கு அதில் பாட்டும் சில வசவும் மட்டும் தெரியும். "வசவு போதும், அதுதானே முக்கியம்" என்றேன். அந்த வசவில் ஒன்று இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுதமுடியாது.

இரண்டு பேர் ஊருக்கும் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். "எங்க மலையப் பாக்க வர்றாங்க, இவரு கடலப் பாக்க வர்றாங்க. உங்க ஊர்ல எதப் பாக்க வருவாங்க?" என்றான் பிரேம். தாராசுரம் கோயில் பற்றி நான் பெருமையாக ஆரம்பித்தேன். கல் தேர், கல் சக்கரம், எல்லாம் சொன்னேன். கிமோ ஒன்று மட்டும் கேட்டார். "ராத்திரி தங்குவாங்களா?" இல்லை, கும்பகோணத்தில் காபி குடித்துவிட்டுப் பெரும்பாலும் அன்றைக்கே கிளம்பிவிடுவார்கள் என்றேன். "அப்ப நீங்க பொழைச்சீங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து என் அண்ணன் போன் செய்தார். எங்களுக்கு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மூன்று மா நஞ்சை இருந்தது. அப்பா போன பிறகு கூட்டுப் பட்டா, பயிர் வைத்ததெல்லாம் அண்ணன்தான். பக்கத்து வயல்களை ஒருவர் மனை போடுவதற்காக வளைத்துக்கொண்டிருந்தார். எங்களுடையதையும் கேட்டார்.

"நல்ல வெலதான்டா தம்பி. நீ ஒரு பவர் எழுதி அனுப்பினாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"ஏண்ணே, இப்ப என்ன அவசரம்?"

"முடியலடா. வாய்க்கால்ல தண்ணி எப்ப வருதுன்னே தெரியல. முழங்கால் வேற மடங்க மாட்டேங்குது. வித்துட்டுப் பேசாம ஒரு மளிகைக் கடை வச்சிட்டு ஒக்காந்துரலாம்னு பாக்குறேன்."

மறுநாள் நிழலில் வழக்கு வைத்தேன். பிரேம் யோசிக்கவே இல்லை. "வித்துடு. எங்கப்பாகிட்ட நெலம் இருக்கு. இருந்து என்ன, நான் இங்கதானே இருக்கேன்?" கிமோ, "விக்காதே. எங்களுக்கு முதல்ல தண்ணி போச்சு, நெலம் தன்னால பின்னாடியே போச்சு. இப்ப என்ன காசு குடுத்தாலும் திரும்ப வராது" என்றார்.

எனக்கு அவர் பேச்சுதான் பிடித்தது. பிடிக்காமல் என்ன? தூரத்தில் இருக்கிறவனுக்கு நிலம் என்றால் பச்சை, அவ்வளவுதான். சேற்றில் இறங்குகிற முழங்கால் என்னுடையது இல்லையே. அந்த வாரமே அண்ணனுக்குப் போன் போட்டேன். "வேண்டாம்ணே. நான் திரும்பி வர்றப்ப எனக்குன்னு அங்க ஒண்ணு இருக்கணும்ல?" லைன் போய்விட்டதோ என்று அலோ அலோ என்றேன். "இருக்கேன்டா. சரி, நீ சொன்னாச் சரி" என்றார்.

முகாம் ஒருநாள் சுருங்கியது. ஆட்களைக் குறைத்தார்கள். பிரேம் ஊருக்குப் போய்விட்டு வேறு கம்பெனியில் கத்தாருக்குப் போனான். இப்போது அவன் வேலையை முடித்துத் திரும்பிவிட்டான், அவன் மகன் போயிருக்கிறான். கல் வீட்டில் யாரும் தங்குவதில்லை, எல்லாரும் காத்மாண்டுவில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கிமோ போகும்போது, தீவுக்கா என்று கேட்டேன். இல்லை, லாஸ் வேகாஸ் என்றார். ஒரு பாலைவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று நாங்கள் முடிவு செய்யவே இல்லை.

நான் இன்னும் சில வருஷம், லீவுக்குக்கூட வராமல், வேறு வேறு சமையல்கட்டுகளில் இருந்துவிட்டு வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் எங்கள் மூன்று மாவைச் சுற்றி நாலு பக்கமும் மனை. முகப்பில் வளைவு வைத்துக் காவேரி நகர் என்று எழுதியிருந்தார்கள். நகருக்கு மண் ரோடு போட்டபோது எங்கள் வாய்க்காலின் குறுக்கே ஒரு குழாயைப் புதைத்து மூடியிருக்கிறார்கள். முதல் மழையிலேயே குழாய் அடைத்துக்கொண்டது. அண்ணன் மனு கொடுத்திருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார், தானே மண்வெட்டியோடு இறங்கித் தோண்டியும் இருக்கிறார். தண்ணீர் வரவில்லை. மழைக்காலத்தில் மட்டும் சுற்றுமுற்றும் உள்ள மனைத் தண்ணீரெல்லாம் எங்கள் பள்ளத்தில் வந்து நிற்கும். பயிர் வைக்கவும் முடியாது. விற்கலாம் என்றால் வழி இல்லாத நிலத்தை யார் கேட்பார்கள்?

இதையெல்லாம் எனக்கு அவர் போனில் சொன்னதே இல்லை. பயிர் எப்படி என்று கேட்டபோதெல்லாம், "இருக்குடா" என்றுதான் சொல்லியிருக்கிறார். கிமோ இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். விற்காதே என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முதலில் போனது தண்ணீர் என்றாரே, அது காதில் விழுந்தும் விழாமல் போய்விட்டது. அன்றைக்கு விற்றிருந்தால் சரியாக இருந்திருக்குமா? சில நாள் ஆமாம் என்று தோன்றும், சில நாள் இல்லை என்று தோன்றும். யோசித்து யோசித்து அலுத்துவிட்டது.

மளிகைக் கடை வைக்கவில்லை. போன தைக்குப் பிறகு அண்ணன் திருப்பூருக்குப் போய்விட்டார். மகள் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறாள், அவள் வீட்டோடு. சும்மா இருக்க மனமில்லாமல் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலையும் பார்க்கிறார். உட்கார நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், முழங்காலுக்கு அது சௌகரியம் என்றார். அவரைப் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். முன்பெல்லாம் ஒவ்வொரு லீவு முடியும்போதும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே பஸ் ஸ்டாண்டுக்கு அவர்தான் வருவார். பஸ் கிளம்பி ரோடு திரும்பும்வரை நிற்பார். அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தவர், "நீ எதுக்குடா வெயில்ல நிக்கிற, வீட்டுக்குப் போ" என்றார். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

வெளியூர் போன தம்பி நான் ஊரில் இருக்கிறேன். ஊரை விட்டு அசையாத அண்ணன் வெளியூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். மழை பெய்ததா என்று கேட்பார், கோயிலில் திருவிழா எப்போது என்று கேட்பார், யார் செத்தார்கள் என்று கேட்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். வயலைப் பற்றி மட்டும் அவர் கேட்பதே இல்லை. கேட்டால் நானும், "இருக்குண்ணே" என்றுதான் சொல்லவேண்டியிருக்கும்.