சாக்குத்துணியில் தைத்த இடுகாடு

என் நாத்தனார் செய்த படம் ஈரம் காயாமல் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் விரிந்து கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரித்த அரிசிச் சாக்கில் ரப்பர் பாலைப் பசையாகத் தடவி, மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளின் உடைந்த சில்லு, அடுப்புக்கரி, குழந்தைச் சட்டைத் துண்டுகள் எல்லாம் ஒட்டியிருந்தார். நீல நூலில் ஓர் ஓடை நெளிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் பீடோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றுக்கு நான் மருமகளாக வந்த வருடம் அது.

இரண்டு பிள்ளைகளையும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் பறிகொடுத்தவர் அவர். மகளின் உயிர் பிரிந்த காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவரை நிறுத்திவைத்திருந்தார்கள். அதன்பின் பெரட்டு மணி அடித்தாலே அவருக்குக் கை நடுங்கும். புதைத்த இடம் மறந்துபோகுமோ என்ற பயம் வேறு. அடையாளத்துக்கு நட்ட குச்சிகளைக் கரையான் தின்றுவிட்டது. ஓடையிலிருந்து எத்தனை அடி, எந்த மரத்துக்கு வலப்பக்கம் என்று நடந்து பார்த்து வந்து, அந்த இடத்தைச் சாக்கில் ஒட்டினார். பிள்ளைகளை இழந்த மற்றப் பெண்களும் அவரவர் பிள்ளையின் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தையல் கோணலாக இருக்கிறதே என்றேன்.

"கோணலாவே இருக்கட்டும்லா. என் கை அப்படித்தான இருக்கு" என்றார்.

ஒரு நாள், இடுகாட்டை வெட்டி ரப்பர் கன்று நடப்போவதாகத் தோட்டத்து எழுத்தரான கிராணி பெரட்டில் அறிவித்தார். மறுநாள் மணி அடித்தபோது நாத்தனார் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இடுகாட்டுக்கு நடந்தார். பெண்கள் நாங்களும் பின்னால் போனோம். படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொருத்தியையும் அவள் பிள்ளை கிடந்த இடத்தில் நிறுத்தினார்.

கிராணி ஓடிவந்தார். "பைத்தியம் முத்திப்போச்சா? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்ருவேன்!"

நாத்தனார் சாக்கை விரித்துப் பிடித்தார். "ஏத்திவிடுங்க ஐயா. அதுக்கு முன்னாடி, யாரு யாரு எங்க கெடக்குறாங்கன்னு நான் சொல்றேன், கேட்டுக்குங்க."

பெயர் பெயராகச் சொன்னார். குரல் உடைந்து உடைந்து வந்தது, நிறுத்தவில்லை. வெட்ட வந்த ஆண்களில் ஒருவர், தன் மகன் பெயரைக் கேட்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டார். அடுத்து என் கணவர் போட்டார். பிறகு எல்லோரும்.

ஆத்திரத்தில் கிராணி சாக்கைப் பிடுங்கி அங்கேயே கொளுத்தினார். ஆனால் அந்த மண்ணில் கன்று நட ஓர் ஆள்கூட வரவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு நான் ஈப்போவுக்கு வந்துவிட்டேன். இங்கே எந்த மணியும் யாரையும் எழுப்புவதில்லை. நாத்தனாருக்கோ அந்த நடுக்கம் கடைசிவரை போகவில்லை. நடுங்கிக்கொண்டேதான் அவர் அத்தனையும் செய்தார் என்பதை நான் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று.

கிராணி படத்தை எரித்த அதே வாரம் அவர் இன்னொரு சாக்கைப் பிரித்தார். எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி அவரவர் இடத்தில் ஒட்டினார். ஓரத்தில் கரியால் ஓர் ஆளை வரைந்தார். தலையில் தொப்பி, கையில் தீப்பெட்டி.

"இது யாரு அக்கா?" என்றேன்.

"கிராணி. இவரையும் மறந்துடக் கூடாதுல்ல" என்று சொல்லி, ஊசியில் நூலைக் கோத்தார்.