முனியப்பனுக்குப் போன பரிசல்

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் இல்லாமல் பிழைக்கத் தெரியும். தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வதென்று தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், கார்த்திகையில், கடத்தூர்ப் பக்கம் கொட்டித் தீர்த்த மழையில் எங்கள் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. அதுவரை அந்த ஏரிக்குள் ஆடு மேய்ந்துதான் நான் பார்த்திருக்கிறேன். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. எங்கள் பெரியப்பா மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

காரணம் முனியப்பன். எங்கள் குலசாமியான அவர் ஏரிக்கு நடுவே ஒரு திட்டில் இருக்கிறார். தை மாதம் அவருக்குப் பொங்கல் வைக்க வருஷா வருஷம் பானையும் விறகுமாக நடந்தே போவோம். இப்போது சாமியைச் சுற்றிலும் தண்ணீர். எங்கள் பங்காளிகளில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. பெரியப்பா ஒகேனக்கலுக்குப் போன் போட்டுப் பரிசல் கேட்டார். பொங்கல் சமயத்தில் அங்கே கூட்டம் நெரியும், வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் செஞ்சி தரேங்கண்ணா" என்றாள் அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஓசூரில் கட்டிக்கொடுத்து, எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு துணிப்பையும் தையல் மெஷினுமாகத் திரும்பி வந்துவிட்டவள். ஏன் வந்தாள் என்று கேட்டபோதெல்லாம் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். அந்த வருஷம் பொங்கலுக்கு அத்தை வரக் கூடாது என்று பெரியப்பா முன்பே சொல்லியிருந்தார். கட்டிக்கொடுத்த பெண் வேறு குலமாம். மற்ற வருஷங்களில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் வந்து, தின்று, தூக்குப் போசியில் கட்டிக்கொண்டும் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரியப்பாவிடம் நியாயம் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஓசூரில் அத்தை குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு பைபர் பட்டறை இருந்ததாம். தொட்டியும் கதவும் செய்வதை ஜன்னல் வழியே நாளெல்லாம் பார்த்திருக்கிறாள், தொட்டதில்லை. "பரிசல் மெதந்தா நானும் பொங்கலுக்கு வருவங்கண்ணா" என்றாள். அது மிதக்காது என்று பெரியப்பாவுக்கு நல்ல நம்பிக்கை. அதனால் சம்மதித்தார்.

அம்மாவும் அத்தையும் சேலம் போய் ஒரு கேன் ரெசின் பிசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர், கண்ணாடி நார் மேட் ஒரு சுருள், இரண்டு பிரஷ் வாங்கி வந்தார்கள். கேனைத் திறந்ததும் வந்த நெடியில் எங்கள் நாய் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது.

முதல் நாள் ஒத்திகை. துணி துவைக்கும் டப்பைக் கவிழ்த்து, அதன்மேல் மேட்டைப் போட்டு ரெசின் பூசிப் பார்ப்பதென்று முடிவு. மார்கழிக் குளிரில் ரெசின் இறுகாமல் போய்விடுமோ என்று பயந்து அத்தை ஹார்ட்னரைத் தாராளமாக ஊற்றினாள். கலக்கிய குவளை கையிலேயே சூடேறிப் புகைந்தது. எடுக்கப் போன பிரஷ் உள்ளேயே குச்சி ஐஸ் போல நின்றுவிட்டது. போதாததற்கு எல்லோருக்கும் கையெல்லாம் அரிப்பு. எங்கள் வீட்டில் எந்த நோவுக்கும் வெந்நீர்தான் வைத்தியம். அம்மா வெந்நீர் ஊற்ற, அரிப்பு இரண்டு மடங்கானது. அன்று சாயங்காலம் அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் வாசலில் நின்று சொறிந்துகொண்டதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா நிம்மதியாகத் தூங்கப் போனார்.

மறுநாள் அத்தை சேலத்துக் கடைக்காரருக்குப் போன் செய்து அளவு கேட்டாள். பச்சைத் தண்ணீரில்தான் கை கழுவ வேண்டும் என்றும் அவரே சொன்னார். ஹார்ட்னரை இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றினாள். இப்போது ரெசின் சொன்னபடி கேட்டது. வெள்ளை மேட், பிரஷ்ஷால் குத்தக் குத்த, பஜ்ஜி மடித்த காகிதம் போல ஊறித் தெளிந்தது. எங்கேயாவது வெள்ளையாக இருந்தால் அங்கே காற்று நிற்கிறது என்று அர்த்தம், அதைக் குத்தி வெளியேற்ற வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அத்தை தையல்காரி. மேட்டைப் பிளவுஸ் துணி போலக் கோடு போட்டு வெட்டி, ஓரத்தோடு ஓரம் ஒட்டவைத்துப் பிசிறில்லாமல் அடுக்கியிருந்தாள். காய்ந்த பிறகு டப்பிலிருந்து கழற்றித் தட்டினாள். அழகாகச் சேர்த்த இடமெல்லாம் அழகாக விரிந்தது. அத்தை கீழே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், இனி சாமியுமில்லை, பொங்கலுமில்லை என்ற முகம்.

விரியாத மூலை ஒன்று இருந்தது. அது நான் செய்தது. கத்தரிக்கோலை அத்தை என்னிடம் தரமாட்டாள், அதனால் கையால் பிய்த்துப் பிய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தேன். அத்தை அந்த மூலையை மடக்கிப் பார்த்தாள், கல்லால் தட்டிப் பார்த்தாள். பிய்ந்த நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அசையவில்லை.

"எப்பிடிடி பண்ண?"

"கிழிச்சேன்."

அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு வாசலைச் சுற்றி ஓடினாள். பத்து வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவது லேசான காரியமில்லை. அதற்குப் பிறகு கத்தரிக்கோல் மெஷின் டிராயரை விட்டு வெளியே வரவில்லை. துணியை ஒரு நாளும் கிழித்தறியாத அத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு மேட்டைப் பிய்க்கக் கற்றுக்கொண்டாள்.

அச்சுக்கு அம்மா பொறுப்பேற்றாள். களத்தில் ஆறடி அகலத்துக்கு மண்ணைக் குவித்து, கவிழ்த்த சட்டி போல உருட்டி, களம் மெழுகுகிற மாதிரியே சாணி போட்டு வழவழவென்று மெழுகினாள். அது காய்ந்ததும், தக்காளிப் பாத்திக்குப் போட்டு மிஞ்சிய மல்ச்சிங் பிளாஸ்டிக் ஷீட்டை மேலே விரித்தோம், ரெசின் அதில் ஒட்டாது. நான்கு அடுக்கு மேட். விளிம்புக்கு மூங்கில் வளையம். நான்கு நாள் வேலை. கடைசியில் ஆறு பேர் சேர்ந்து புரட்டினோம். உள்ளே ஷீட்டின் சுருக்கமெல்லாம் அப்படியே பதிந்து, பார்க்கக் கிழவியின் கன்னம் போலிருந்தது. எனக்கோ அதைவிட அழகான பொருள் தர்மபுரி ஜில்லாவிலேயே இல்லை.

பொங்கலன்று ஊர் முழுக்கக் கரையில். தண்ணீரில் தள்ளியதும் பரிசல் ஒரு முறை சாய்ந்து, நிமிர்ந்து, மிதந்தது. அத்தை ஏறி உட்கார்ந்தாள். நானும் குதித்து ஏறிக்கொண்டேன். என்னைத் தடுக்க வேண்டுமென்றால் தண்ணீரில் இறங்கியாக வேண்டும், அதற்கு யாரும் தயாரில்லை. அத்தை துடுப்பைப் போட்டாள். பரிசல் முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையில் ஒரே சிரிப்பு. நான்காவது சுற்றில் அத்தைக்குச் சூட்சுமம் பிடிபட்டது. துடுப்பை முன்னால் போட்டுத் தன் பக்கம் இழுத்தாள். பரிசல் திட்டைப் பார்த்து நகர்ந்தது. நாங்கள் இறங்கிக் கையாட்டியபோது கரையில் எழுந்த சத்தத்தில் ஏரிக் கொக்குகள் எல்லாம் பறந்தன. நான் அன்று உலகத்தையே ஜெயித்தவள்.

அடுத்த நடையில் பெரியப்பா. பானையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவா ஆத்தா, மெதுவா" என்று வழி நெடுக அத்தையிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார். திட்டில் கால் பட்டதும் பழைய அதிகாரம் திரும்பிவிட்டது. இருந்தாலும் உலை கொதித்தபோது, அத்தையைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தபடி, "அரிசிய நீயே போடு" என்றார். அத்தை மூன்று கை அள்ளிப் போட்டாள். பானை கிழக்கே பார்த்துப் பொங்கியது. எல்லோரும் கூவியதில் என் குரல்தான் பெரியது.

சாயங்காலம் அத்தை எல்லோரையும் நடை நடையாகக் கரை சேர்த்தாள். கடைசி நடையும் முடிந்தது. பரிசல் காலி. எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு ஒரு தனிச் சவாரி எனக்குத்தான் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தனியாகத் தள்ளிக்கொண்டு ஏரி நடுவுக்குப் போய், துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். பரிசல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கரையில் நின்று அழுது, கத்தி, ஏமாற்றுக்காரி என்று திட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு கண்ணு. அவ கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வரட்டும்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அத்தையிடம் பேசவில்லை. எழுந்து போ என்று யாரும் சொல்ல முடியாத ஓர் இடத்தில் அவள் எட்டு மாதத்தில் முதல் முறையாக உட்கார்ந்திருந்தாள் என்பதும், அந்த இடத்தை அவளே தன் கையால் செய்துகொண்டாள் என்பதும், அப்போது எனக்குத் தெரியாது. என் சவாரியை அவள் திருடிவிட்டாள் என்று மட்டும்தான் தெரிந்தது.