மேல்தட்டில் ஈரக் கம்பளி

ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாகத் துணி வண்டி தள்ளுகிறவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் சக்கரம். பதினைந்து வருஷம் பதினொரு மாதம் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. புது சூப்பர்வைசர் வந்த இந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவை கவிழ்ந்துவிட்டது. மூன்றாவது தடவை கவிழ்ந்தால் அவளுக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டான் அந்த மகராசன்.

கவிழ்த்ததே அவன் சட்டம்தான். மொட்டைமாடியில் காயப்போடக் கொண்டுபோகும் ஈரக் கம்பளி மேல்தட்டில் இருக்க வேண்டுமாம், குனியாமல் எடுக்கலாமாம். வார்டுக்குப் போகும் காய்ந்த விரிப்பு கீழே. காகிதத்தில் எழுதிச் சுவரில் வேறு ஒட்டியிருந்தான். போகிற வழியில் ஒரு வளைவு, திரும்பியதும் ஏற்றம். ஓட்டமாக வந்தால்தான் வண்டி ஏறும்.

சலவை அறையில் துணி அடுக்குகிறவள் அவளுடைய நாத்தனார்.

"அண்ணி, அவரு சொன்ன மாதிரியே அடுக்கவா?"

"அடுக்குடி. அப்படியே என்னையும் தூக்கி மேல வை."

சூப்பர்வைசர் வாசலில் நின்றான். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், பஸ்ல நின்னுட்டுப் போயிருக்கீங்களா? பஸ் திரும்பும், நாம நேராப் போய் யாரு மடியிலயாவது விழுவோம். இந்தக் கம்பளியும் அப்படித்தான். கனத்தைக் கீழ வைக்க விடுங்க."

"நான் பைக்ல வர்றவன். நீங்க எத்தனாவது படிச்சீங்க?"

"கையெழுத்துப் போடுவேன். வண்டி அதுகூடப் படிக்கலையே! அதுக்கு உங்க சட்டம் எப்படிப் புரியும்?" கைப்பிடியை விட்டுவிட்டாள். "நீங்களே தள்ளுங்க. கவிழலைன்னா நானே வீட்டுக்குப் போயிடறேன்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, விறுவிறுவென்று தள்ளினான். வளைவில் வண்டி திரும்பியது. கம்பளி திரும்பவில்லை. தடால்! அத்தனை ஈரமும் அவன் காலில், அவன் தரையில்.

எழுந்தவன் சொன்ன முதல் வார்த்தை, "தரை வழுக்குது."

"வழுக்குதா?"

"வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி தினமும் இந்த இடத்தை நீங்க துடைச்சிடுங்க."

தலையிலடித்துக்கொண்டாள் அவள்.

"வேலை போகலையே அண்ணி, அது போதும்."

"எங்கடி போச்சு? குட்டியில்ல போட்டிருக்கு!"

வண்டியை நிமிர்த்தி, கம்பளிகளை ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டில் திணித்தாள். ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அடுத்த ஷூவைக் கழற்றினான்.