விட்ட கட்டத்தில் கத்திரிப்பூ நிறம்

நகரியில் எங்கள் புடவை அச்சுக் கொட்டகை என்றால், பந்திப் பாய் விரித்தாற்போல நீண்டு கிடக்கும் அந்த மேசைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அதன்மேல் துணியை ஒட்டி, ஸ்கிரீன் கட்டிய சட்டத்தை வைத்து, ரப்பர் பட்டையால் கலரை இழுப்போம். ஈரம் காயாத அச்சின்மேல் சட்டத்தின் ஓரம் உட்கார்ந்தால் அப்பிக்கொள்ளும். அதனால் ஒரு கட்டம் அடித்து, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை அடித்துக்கொண்டே கடைசிவரை போவோம். காய்ந்ததும் திரும்பி வந்து விட்ட கட்டங்களை நிரப்புவோம். இந்த இரண்டாம் நடையின் கலர் முதல் நடையிலிருந்து இம்மியும் மாறக் கூடாது. எங்கள் தொழிலின் மானமே அதில்தான் இருந்தது. என் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் இரட்டைப் பிள்ளைகள். ஆகவே என்னைப் பட்டை இழுப்பதோடு நிறுத்தியிருந்தார்கள். கலர் கலக்குவது அண்ணி.

அண்ணி புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் தொழிலில் எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டார்.

"விட்ட கட்டத்துல வேற கலர் அடிச்சா இன்னா?"

சாம்பார் சோற்றில் பாயசம் ஊற்றச் சொன்னதுபோல அண்ணன் விழித்தார். "இன்னாமே பேசற? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவனா வந்து கட்டிக்கப் போறான்? பொம்பளைங்கதானே கட்டிக்கறோம்."

அண்ணனின் பயத்துக்கு இரங்கி, முதல்முறை அண்ணி அடக்கமாகவே செய்தார். முதல் நடைக்கு அரக்கு, இரண்டாம் நடைக்கு அதைவிடச் சற்று வெளிறிய அரக்கு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். பூரண நம்பிக்கையோடு இழுத்தேன். மூன்று பேருமாகத் திருச்சானூருக்கு எடுத்துப் போனோம். அங்கே எங்கள் சரக்கை வழக்கமாக எடுக்கும் கடைக்காரர் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

"இதி மிஸ்டேக் கதம்மா. ரெண்டாவது வாட்டி கலர் பத்தலையா?"

"டிசைனுங்க அது," என்றார் அண்ணி.

"மிஸ்டேக்குக்கு நல்ல பேரு வெச்சீங்க. எடுத்துக்கினு போய் கருப்புல முக்கிக் குடுங்க. கருப்பாவே வாங்கிக்கறேன்."

கெட்டுப்போன அச்சைக் கருஞ்சாயத்தில் முக்குவது எங்கள் தொழிலில் பிணத்தை எடுத்து அடக்கம் செய்வது மாதிரி. அண்ணன் உடனே தலையாட்டினார். அதோடு விட்டாரா? "இனிமே நம்ம கொட்டகை மேஸ்திரி கலர் கலக்கட்டும். நீ மடிச்சு வெச்சாப் போதும்," என்றும் சொல்லிவிட்டு அப்படியே வேறு வேலையாகச் சித்தூருக்கு பஸ் ஏறினார். ஒரு வார்த்தையில் அண்ணியின் கையிலிருந்து கலர் வாளி போய்விட்டது.

நானும் அண்ணியும் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நகரிக்குத் திரும்பினோம். பஸ் வடமாலபேட்டையைத் தாண்டியது. அண்ணி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"பயந்துக்கினே மாத்தினேன் தம்பி, அதான் தப்பாத் தெரிஞ்சுது. கொஞ்சமா மாறினாத்தான் தப்பு. முழுசா மாறினா?"

"முழுசா மாறினா அண்ணன் நம்மள வூட்ட வுட்டுத் தொரத்துவாரு."

"தொரத்தட்டும். அப்புறம் யாரு ஆக்கிப் போடறாங்கன்னு பாக்கறேன்."

மறுநாள் அண்ணன் ஊர் திரும்புமுன் மேசையில் புதுத் துணி ஏறியது. முதல் நடைக்கு மாம்பழ மஞ்சள். விட்ட கட்டங்களுக்கு அண்ணி கலக்கிய வாளியில் இருந்தது கத்திரிப்பூ நிறம். போதாததற்குச் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொன்னார். டிசைனில் இருந்த மாங்காய்கள் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தன.

"வித்தியாசம் தெரியுதா?"

"எனக்கே தெரியுது அண்ணி."

"அப்போ போதும்."

அண்ணன் வந்து மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். "இதையும் முக்கணும்," என்றார்.

"முக்கறதுன்னா என்னையும் சேத்து முக்குங்க," என்றார் அண்ணி. வாளியைக் கீழே வைக்கவில்லை. அண்ணன் சாயத் தொட்டியையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். மேஸ்திரியும் அவர் பின்னாலேயே போனார்.

அந்தப் புடவையை உடுத்திக்கொண்டே அண்ணி திருச்சானூருக்கு வந்தார். கடைக்காரர் வாயெடுக்குமுன், "மிஸ்டேக்குனு சொல்லுங்க, கேக்கறேன்," என்றார். அவர் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கொஞ்சம் வெச்சிட்டுப் போங்கம்மா. போகலைன்னா திருப்பி எடுத்துக்கணும்."

"எடுத்துக்கறேன். கருப்புல மட்டும் முக்க மாட்டேன்."

சில விற்றன, சில திரும்பி வந்தன. வந்தவற்றை எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கட்டினார்கள். ஒரு கல்யாணத்தில் எங்களைப் பார்த்தவர்கள் ஏதோ கட்சி மாநாடு என்று நினைத்தார்கள். கலர் வாளியைப் பற்றி அண்ணன் அதன்பிறகு பேசவில்லை.

இப்போது அந்த மஞ்சளும் கத்திரிப்பூவும் பல கொட்டகைகளில் ஓடுகின்றன. போன வாரம் அதே கடைக்காரர் போனில் அதைத்தான் கேட்டார், நிறைய வேண்டுமாம். அண்ணி பட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது முடிஞ்சுபோச்சுங்க. இப்பல்லாம் விட்ட கட்டத்துல ஒண்ணும் அடிக்கறதில்ல, வெறும் துணியாவே வுட்டுடறோம்."

இரண்டாம் நடை இல்லாததால் என் வேலை பாதியாகிவிட்டது; இந்தப் புரட்சிக்கு என் முழு ஆதரவு உண்டு. கடைக்காரர் யோசித்து முடிப்பதற்குள் அண்ணி போனை வைத்துவிட்டு, அடுத்த துணியை ஒட்டச் சொன்னார்.