குறை சொல்லி விற்பவர்

பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே மயிரிழை போல ஒரு கீறல். கார் வாங்க வந்தவருக்கு அது தெரியவில்லை. புரூஃப் சார் விடுவாரா? வந்தவரைக் குனியவைத்து, வெளிச்சம் விழும் பக்கம் நகர்த்தி, விரலால் தடவவும் வைக்கிறார். “என் சாவி பட்டதுதாங்க. நாளைக்கு நீங்க கேட்டுடக் கூடாதில்ல?” வந்தவர் தலையாட்டிவிட்டு வாட்சைப் பார்க்கிறார்.

அச்சகத்தில் காலமெல்லாம் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றும் கை அடங்கவில்லை. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் ரிப்பேர் என்று அறிவிப்பு ஒட்டினால் மறுநாள் அதில் சிவப்பு மையில் இரண்டு சுழி இருக்கும். லிஃப்ட் அப்படியேதான் இருக்கும்.

காரை வைத்திருக்கும் அழகைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு ஒரு துணி, உள்ளே ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி. மாற்றி எடுத்தால் வீட்டில் அன்றைக்குப் போர்தான். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பின்சீட்டில்தான் வளர்ந்தார்கள். பிஸ்கட் தின்ன ஆசை வந்தால் வண்டியை ஓரங்கட்டுவார். இறங்கி நின்று தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஏற வேண்டும்.

இப்போது அவருக்குக் கண்ணில் பக்கவாட்டுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன மாதம் சைக்கிளில் வந்த ஒரு பெண் இவர் காரில் அடிபடாமல் பிழைத்தது அவள் செய்த புண்ணியம். விற்றுவிடலாம் என்று மனைவி சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அங்கேதான் சூட்சுமம்.

ஞாயிறுதோறும் ஆள் வருகிறது. ஏ.சி. போட்டதும் முனகும், முன்டிராயர் இரண்டு தட்டுத் தட்டினால்தான் மூடும் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறார். சொன்னதே இவ்வளவென்றால் சொல்லாதது எவ்வளவோ என்று வந்தவர்கள் நழுவிவிடுகிறார்கள். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், நிறுத்த இடமில்லை என்பார். கீழே கிரிக்கெட் ஆடும் அளவுக்கு இடம் கிடக்கிறது. கடுகளவு குறையைத் தட்டில் வைத்துக் காட்டுகிறவர், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

ஆள் போனதும், பேட்டரி இறங்கிவிடும் என்று ஒரு சுற்றுப் போய்வருவார். அவர் திரும்பும்வரை அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். “உண்மை பேசுறாராம். விக்கக் கூடாதுன்னே உண்மை பேசுறவரை நான் இப்பத்தான் பாக்கறேன்” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சிரிக்கவில்லை.

போன ஞாயிறு ஒரு நர்ஸ் வந்தார், நடக்கச் சிரமப்படும் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு. குறைகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பரவால்ல சார். இவ்வளவு சொல்றவர்கிட்டதான் நம்பி வாங்கலாம்” என்றார்.

புரூஃப் சார் ஆடிப்போனார். ஹாரன் சத்தம் கொஞ்சம் கம்மி என்றார். அது தெருவையே எழுப்பும் ஹாரன். நர்ஸ் அதற்கும் சரி என்றுவிட்டார். பிறகு அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார்.

“நானும் அம்மா பக்கத்துல உக்காந்துக்கறேன். குலுங்குதான்னு பாக்கணும். நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க சார்.”

அக்கா படியிறங்கி வந்து நின்றார். புரூஃப் சார் முன்கதவைத் திறந்தார். உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

“வண்டில ஒண்ணும் இல்லம்மா. எனக்குத்தான் கண்ணு சரியில்ல. அதான் விக்கறேன். நீங்களே ஓட்டுங்க.”

சாவியை நீட்டினார். நர்ஸின் கை ஒரு சாண் தள்ளியிருந்தது. அது தெரியாமல் அவர் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டே நின்றார். நர்ஸ் தன் கையைச் சாவிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்.