இணைச்சீரும் ஒரு தும்மலும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில், வெள்ளகோவிலில் என் தம்பியின் கல்யாணம் நடந்தது. அவனுக்குப் பெண் அமைந்தபோது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. எங்கள் கொங்குப் பக்கத்தில் இப்போது மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜாதகம் ஒத்து வந்தால் தோட்டம் பத்தாது என்பார்கள், தோட்டம் ஒத்து வந்தால் வயது தள்ளிப்போச்சு என்பார்கள். கடைசியில் நிச்சயம் ஆனபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பட்டு உடுத்தி, நகை பூட்டி, தலையில் கூடையோடு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை இவள் கையில். வாழ்த்துப் பாடி முடிக்கும்வரை மண்டபமே இவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அவனுக்கு நான் ஒரே அக்கா. நானோ அப்போது தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால் சேலை நனைகிற நிலைமையில் இருந்தேன்.

என் சின்ன மகள் பிறந்ததிலிருந்தே லேசாக இருந்ததுதான். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த வருடம் முற்றிப்போனது. தம்பிக்குப் பெண் அமைந்ததற்கு வேண்டுதலைச் செலுத்த ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு போயிருந்தேன். அங்கே நியாயம் கேட்டு மிளகாய் அரைப்பார்கள் இல்லையா, அந்த நெடி மூக்கில் ஏறியது. அடுக்கடுக்காகத் தும்மல். நின்ற இடத்திலேயே உள்பாவாடை நனைந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நான் உட்காரவில்லை.

"ஏன் கண்ணு, உக்காரலாமில்ல?" என்று அந்த அக்கா கேட்டார். "நின்னாத்தான் காத்து வருதுங்க்கா" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பொள்ளாச்சிவரை இணைச்சீரை நினைத்தபடியே வந்தேன். சாம்பிராணிப் புகையில் ஒரு தும்மல் போதும், ஊர் முழுக்க அதையே பேசும். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? எத்தனையோ வருடம் காத்திருந்து நடக்கிற கல்யாணத்தில் என்னால் ஒரு அசிங்கம் வந்துவிட்டால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன்?

யாரிடமும் சொல்லவில்லை. செல்போனில் தேடினேன். தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிற ஸ்பிரிங் கருவி ஒன்றைக் காட்டி, இறுக்குங்கள், இறுக்குங்கள் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். வரவழைத்துவிட்டேன். வீட்டில் ஆளில்லாத நேரமெல்லாம் அதை வைத்து அழுத்துவேன். சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் கீழே தசையை இறுக்கிப் பிடித்தபடியே இருப்பேன். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகினேன். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகூட அவ்வளவு மும்முரமாக இருந்திருக்காது.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. நாங்கள் இருப்பது கோயம்புத்தூர் கணபதியில். வீட்டின் முன்பாதி என் வீட்டுக்காரரின் லேத் பட்டறை. நான் அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த கருவி அவர் கண்ணில் பட்டுவிட்டது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். "அம்மணி, இது எந்த மெசினோட ஸ்பிரிங்கு? டென்சன் நல்லாருக்குதே" என்றார். பட்டறைக்குக் கொண்டுபோய் ஆட்களிடம் கேட்டுவிடுவாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. கை வலிக்கு என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் நிலைமை சரியாகவில்லை, மோசமானது. அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தாற்போல வலி. இப்போதுதான் போய்விட்டு வந்திருப்பேன், உடனே மறுபடி முட்டும். போனால் சொட்டுச் சொட்டாக வரும். கட்டியாக இருக்குமோ, கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வார்களோ, கல்யாண சமயத்தில் ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவேனோ என்று மனசு போகாத இடமெல்லாம் போனது. கடைசியில் பல்வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒரு பெண் டாக்டரிடம் போனேன். சோதனையெல்லாம் செய்துவிட்டு, பயப்படும்படி எதுவும் இல்லை, இதற்கென்றே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்றார். பிசியோதெரபி என்றால் முட்டிவலிக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் "செய்யலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செய்தாள். சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி, அதன் ஒயரை ஒரு கருவியில் மாட்டினாள். திரையில் ஒரு கோடு ஓடியது. தசையை இறுக்கினால் கோடு மேலே ஏறும், விட்டால் கீழே இறங்கும். இறுக்கச் சொன்னாள். கோடு ஏறியது. எனக்குள் ஒரு பெருமை.

"இப்ப விடுங்க்கா."

விட்டேன்.

"விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டனுங்க."

"இல்லீங்க்கா, கோடு அங்கயேதான் நிக்குது."

திரும்பத் திரும்ப முயற்சி செய்தேன். கோடு அசையவில்லை. நான் சும்மா இருப்பதாக நினைக்கிற நேரத்திலும் என் உடம்பு சும்மா இருக்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்தபோது பயமாகவே இருந்தது.

அவள் என் கையை முஷ்டியாக மூடச் சொன்னாள். மூடின கையோடு என் பையைத் தூக்கச் சொன்னாள். எப்படித் தூக்க முடியும்? "அவ்வளவுதானுங்க்கா. விரலை விரிச்சாத்தான் புடிக்க முடியும். உங்குளுது தளர்ந்து போகலைங்க, விடாம இறுகிக் கெடக்குது. அதான் தும்மல் வாரப்ப புடிக்க மாட்டேங்குது" என்றாள். எல்லோருக்கும் இப்படி இல்லை, பலருக்குத் தளர்ந்துதான் இருக்கும், அவர்களுக்கு இறுக்குகிற பயிற்சி வேண்டும், எது என்று பார்க்காமல் கருவி வாங்கக் கூடாது என்றும் சொன்னாள். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ரொம்ப நேரம் அடக்கி வைக்கிற பழக்கம் உண்டா?

எங்கள் வீட்டில் கழிவறை பட்டறையைத் தாண்டி இருக்கிறது. அத்தனை ஆம்பிளைகள் வேலை செய்கிற இடத்தின் வழியாக அடிக்கடி போய் வரக் கூச்சப்பட்டு, அவர்கள் டீக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் நான் போவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அதை ஒரு பழக்கம் என்றே நான் நினைத்ததில்லை. அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். நான் யோசித்தேன். "குடிங்க்கா, பாத்ரூம் பக்கத்துலதான் இருக்குது" என்றாள்.

அவள் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு உப்புகிற மாதிரி மூச்சை இழுத்து, கீழே பிடித்திருப்பதை விடுவது. துண்டைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்து அதையே செய்து பார்ப்பது. கோடு இறங்கப் பழகிய பிறகு, தும்மல் வருவதற்குச் சற்று முன் லேசாக இறுக்கி, தும்மி முடித்ததும் விட்டுவிடுவது. தண்ணீரைக் குறைக்காமல் குடிப்பது, முட்டினால் போவது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பட்டறை ஆட்கள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணம் வந்தபோது முக்கால்வாசி தேறியிருந்தேன். அந்தக் கால்வாசி போதாதா பயப்பட? முதல்நாள் அம்மாவிடம், சித்தி மகளை நிற்க வைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "நீ குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப இன்னொருத்தி எதுக்கு நிக்கோணும்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல், அந்தப் பெண்ணிடம் பயிற்சிக்குப் போய் வருவதுவரை விஷயத்தைச் சொன்னேன். யாரோ கூப்பிட்டார்கள் என்று அம்மா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் இணைச்சீரில் நின்றேன். பயந்தபடியே சாம்பிராணிப் புகை வந்தது, தும்மலும் வந்தது. சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் காலையிலிருந்து ஒழுங்காகத் தண்ணீர் குடித்திருந்தேனே, கொஞ்ச நேரத்தில் முட்ட ஆரம்பித்தது. வாழ்த்துப் பாட்டு இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. சீரில் நிற்பவள் நடுவில் இறங்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் இறங்கி நான் பார்த்ததும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அடிவயிற்றில் அந்தப் பழைய இழுப்பு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படி நின்றால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சீர்களை நடத்தி வைக்கும் பெரியவரைப் பார்த்து, "ஏனுங், கொஞ்சம் இருங்க. பாத்ரூம் போயிட்டு வாரனுங்க" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாட்டு நின்றது. முன்வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பிதான் என் கையிலிருந்த சேலை முனையையும் வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா போயிட்டு வரட்டும்ங்க, நிக்கலாம்" என்றான். கூடையை இறக்கி வாங்க ஒரு கை நீண்டது. அம்மாவின் கை.

நான் திரும்பி வரும்வரை இரண்டு முனையையும் பிடித்தபடி அவன் அப்படியே நின்றிருந்தான். சீர் முடிந்தது. தாலி கட்டு முடிந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பந்தியில் வழக்கம்போல ரசத்தைப் பற்றித்தான் குறை சொன்னார்கள்.

சாயங்காலம் மண்டபத்தைக் காலி செய்கிற நேரத்தில் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ளைகிட்ட என்னையும் ஒருக்காக் கூட்டீட்டுப் போ கண்ணு" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "தம்பி பொறந்ததுல இருந்து அடி எறங்கிக் கெடக்குது. துணியைக் கட்டிக் காலத்தை ஓட்டிப்போட்டேன்" என்றார். தம்பி பிறந்ததிலிருந்து என்றால் கிட்டத்தட்ட நாற்பது வருடம். கல்யாணமாகும்வரை அம்மாவோடு ஒரே வீட்டில் படுத்திருக்கிறேன், அதற்குப் பிறகும் வந்து வந்து போயிருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு வேறு வைத்தியம். இறங்கியிருந்த கர்ப்பப்பையை உள்ளிருந்து தாங்கிக்கொள்ள, மெத்தென்ற ஒரு வளையத்தை டாக்டர் பொருத்திவிட்டார். கூடவே அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த மென்மையான பயிற்சிகள். வெளியே வந்ததும் நடைபாதையில் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று அம்மா கேட்டார். இவ்வளவிலேயே தீர்ந்திருக்கக்கூடிய ஒரு வேதனையை, சொல்ல ஒரு வார்த்தை வாயில் வராததால் அம்மா அத்தனை வருடம் சுமந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை; அதனால்தான் வயதுக்கு வந்த என் இரண்டு பெண்களிடமும் இதையெல்லாம் வாய்கூசாமல் பேசுகிறேன்.